ஞாயிற்றுக்கிழமை சர்வரை அணையுங்கள்

கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் சிறிய மருத்துவமனைகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்களுக்கு,



உங்கள் அடையாள அட்டையில் 'சிஸ்டம் அட்மின்' என்றோ 'லேப் அசிஸ்டென்ட்' என்றோ இருக்கும். புரொஜெக்டர் எரியவில்லை என்றாலும், கைரேகை மெஷின் வருகையைப் பதியவில்லை என்றாலும், முதல்வர் அறை பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் கூப்பிடுவது உங்களைத்தான். இதற்கெல்லாம் நடுவே, ஏசி சரியாக வேலை செய்யாத ஓர் அறையில் ஒரு பழைய டவர் சர்வரும் உங்கள் பொறுப்பில் இருக்கும். அதற்குள் நாலைந்து விஎம்கள் ஓடும். நூலகத்துக்குக் கோஹா, வகுப்புகளுக்கு மூடுல், அலுவலகத்துக்கு ஏதோ ஒரு பழைய விண்டோஸ். டவரின் வாரன்டி எப்போதோ முடிந்திருக்கும். ஹார்ட் டிஸ்க் புதுசு புதுசாகச் சத்தம் போடும். புது மெஷின் வந்து அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் காத்திருக்கும். அந்தக் கட்டத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள் குறித்து, மேலிடத்தில் சொல்லிவிட்டு, விஎம்மை ஒழுங்காக ஷட்டவுன் செய்து மாற்றுங்கள். 'யாருக்கும் தெரியாமல், ஒரு நொடிகூட நிற்காமல் மாற்றிக் காட்டுகிறேன்' என்று இறங்காதீர்கள். அணைத்து மாற்றுபவருக்கு, டிஸ்க்கோடு வேறு என்னென்ன வர வேண்டும் என்று நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கும். விட்டுப்போவது எப்போதும் அந்த 'வேறு' தான்.

உங்களில் பலர் செய்யும் வழி எனக்குத் தெரியும். பழைய ஹோஸ்டில் வார், லிப், லிப்விர்ட், இமேஜஸ் என்று வரிசையாக உள்ளே போய் அந்தப் பெரிய க்யூகவ்2 கோப்பை எடுப்பீர்கள். எஸ்சிபி போட்டுப் புது மெஷினுக்கு அனுப்புவீர்கள். அங்கே விர்ட் மேனேஜரைத் திறந்து, 'ஏற்கெனவே உள்ள டிஸ்க்கை இம்போர்ட் செய்' என்பதைத் தேர்ந்து, ராம் எவ்வளவு, கோர் எத்தனை என்று கேட்பதற்குப் பதில் சொல்லி, ஃபினிஷை அழுத்துவீர்கள். பாதி நேரம் அது பூட் ஆகியும் விடும். மறுநாள் காலை நூலகத்திலிருந்து போன் வரும். "சார், புக்கு இஷ்யூ ஆகல சார். பக்கமே திறக்கல." தாலியை வீட்டிலேயே வைத்துவிட்டு மண்டபத்துக்கு வந்த கதைதான்.

என்ன விட்டுப்போனது என்று புரிய, லினக்ஸில் ஒரு விஎம்மை யார் யார் சேர்ந்து ஓட்டுகிறார்கள் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். கேவிஎம் லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 கர்னலில் சேர்ந்தது. குவும்ரானெட் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தில் இருந்த அவி கிவிட்டி எழுதியது. மறு ஆண்டே அந்த நிறுவனத்தை ரெட் ஹேட் வாங்கிவிட்டது. நிஜப் புராசசரை விஎம்முக்குப் பங்கு வைத்துக் கொடுப்பது கேவிஎம். மதர்போர்டு, டிஸ்க் கன்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு, திரை என்று மீதி எல்லாமும் இருப்பதுபோல் நடிப்பது கியூஎமு. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் தொடங்கி வைத்தது. இந்த விஎம்முக்கு எந்த மதர்போர்டைக் காட்டுவது, எந்த ஸ்லாட்டில் நெட்வொர்க் கார்டு, அதன் மேக் முகவரி என்ன என்பதையெல்லாம் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி வைத்து நினைவுபடுத்துவது லிப்விர்ட். 2005இல் தொடங்கியது.

ஆக, உங்கள் கோஹா விஎம்முக்குள் இருக்கும் டெபியன் தன் வாழ்நாள் முழுவதும் பார்த்து வந்தது, அந்த எக்ஸ்எம்எல்லில் விவரித்திருக்கும் கணினியைத்தான். நிஜமான டவரை அது கண்டதே இல்லை. நீங்கள் டிஸ்க்கை மட்டும் கொண்டுபோய் இம்போர்ட் செய்யும்போது, விர்ட் மேனேஜர் தன் விருப்பப்படி வேறொரு கணினியைக் கற்பனை செய்து அதற்குள் இந்த டிஸ்க்கைச் செருகுகிறது. டெபியனுக்கு ஒரே ராத்திரியில் மதர்போர்டு மாறிப்போன மாதிரி.

இது எங்கெல்லாம் இடிக்கும் என்று ஒரே விஎம்மை வைத்துக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பழைய எக்ஸ்எம்எல்லில் நெட்வொர்க் கார்டு பிசிஐ முதல் பஸ்ஸில் இருந்தது. அதனால் டெபியனுக்குள் அதன் பெயர் இஎன்பி1எஸ்0. அந்தப் பெயரைச் சொல்லித்தான் நிலையான ஐபியை யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். புதிதாக உருவான விஎம்மில் கார்டு வேறொரு பஸ்ஸில் உட்கார்ந்தால் பெயர் இஎன்பி2எஸ்0 என்றோ இஎன்பி7எஸ்0 என்றோ மாறும். டெபியன் சுத்தமாக பூட் ஆகும், லாகின் கேட்கும், கோஹாவும் உள்ளே ஓடும். ஐபி மட்டும் இருக்காது, ஏனென்றால் இஎன்பி1எஸ்0 என்ற பெயரில் இப்போது எதுவுமே இல்லை. பிங் வராது. நீங்கள் சுவிட்சைச் சந்தேகிப்பீர்கள், கேபிளை மாற்றுவீர்கள், ஃபயர்வால்காரருக்குப் போன் போடுவீர்கள். தவறு அங்கே எதிலும் இல்லை.

அடுத்தது மேக் முகவரி. புது விஎம்முக்குப் புது மேக் கிடைக்கும். 52:54:00 என்று தொடங்குவதால் பழையது போலவே தோன்றும். கடைசி மூன்று ஜோடிகள் வேறு. வளாக ஃபயர்வாலில் 'இந்த மேக்குக்கு இந்த ஐபி' என்று கட்டி வைத்திருந்தால் அந்தக் கட்டு அறுந்துபோகும். விண்டோஸ் விஎம் என்றால், யூயுஐடியும் மற்ற வன்பொருள் அடையாளங்களும் மாறியதைப் பார்த்து ஆக்டிவேஷன் மறுபடி கேட்கலாம். கணினியின் அடையாளத்தோடு பிணைத்து உரிமம் கொடுக்கும் கணக்கு மென்பொருள்களும் அப்படியே.

யுஇஎஃப்ஐ முறையில் நிறுவிய விஎம் என்றால் இன்னொரு பொறி இருக்கிறது. எந்தக் கோப்பிலிருந்து பூட் ஆவது என்ற குறிப்பு டிஸ்க்கில் இல்லை. என்விராம் என்ற தனிச் சின்னக் கோப்பில் இருக்கிறது. அது இருப்பதும் வேறு இடத்தில், லிப்விர்ட்டின் கியூஎமு டைரக்டரிக்குள், என்விராம் என்ற துணை டைரக்டரியில். அதை விட்டுவிட்டு வந்தால், ஃபர்ம்வேர் பொதுவான ஓர் இடத்தில் பூட் கோப்பைத் தேடும். டெபியன் வழக்கமான நிறுவலில் அந்தப் பொது இடத்தில் எதையும் வைப்பதில்லை. ஆகவே திரையில் மஞ்சள் எழுத்தில் யுஇஎஃப்ஐ ஷெல் வந்து நிற்கும். யுஇஎஃப்ஐ விஎம்மை இம்போர்ட் செய்யும்போது பயாஸ் என்று தேர்ந்தெடுத்திருந்தால் அதுகூட வராது. இரண்டு சமயத்திலும் 'டிஸ்க் கெட்டுவிட்டது' என்று முடிவுகட்டி, ஃபார்மேட் வரை போனவர்களை எனக்குத் தெரியும்.

சரி, என்னதான் செய்வது? பழைய ஹோஸ்டில் விர்ஷ் கட்டளையின் டம்ப் எக்ஸ்எம்எல்லைப் பயன்படுத்தி அந்த விவரக் கோப்பை வெளியே எடுங்கள். கூடவே இரண்டு துணைச் சொற்களைச் சேர்க்க வேண்டும். 'இன்ஆக்டிவ்' என்று கொடுத்தால், ஓடும்போது தற்காலிகமாகச் சேரும் விவரங்களை விட்டுவிட்டு நிலையான வடிவம் மட்டும் வரும். 'செக்யூரிட்டி இன்ஃபோ' என்று கொடுத்தால்தான் விஎன்சி கடவுச்சொல் போன்றவையும் வரும்; இல்லாவிட்டால் லிப்விர்ட் அவற்றைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டே தரும். அந்தக் கோப்பைப் புது ஹோஸ்டுக்குக் கொண்டுபோய், அங்கே விர்ஷ் டிஃபைன் கொடுத்தால் அதே மேக், அதே யூயுஐடி, அதே ஸ்லாட், அதே கற்பனைக் கணினி. விர்ட் க்ளோன் என்று ஒரு கருவி இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அது வேண்டுமென்றே புது மேக்கும் புது யூயுஐடியும் போட்டு இரண்டாவது விஎம் ஒன்றை உண்டாக்குவதற்கானது. இடம் மாற்ற அது உதவாது.

டிஃபைன் கொடுப்பதற்கு முன் எக்ஸ்எம்எல்லை ஒருமுறை கண்ணால் படியுங்கள். நீளமாகத் தெரிந்தாலும் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். அதில் ஹோஸ்டைச் சார்ந்த வரிகள் சிலதான். டிஸ்க் கோப்பின் முழுப் பாதை ஒன்று. மெஷின் டைப் இன்னொன்று. இதுதான் ஆளை அதிகம் அலைக்கழிப்பது. உபுண்டு 22.04இல் உருவான விஎம்மில் அது பிசி-க்யூ35-ஜாமி என்று உபுண்டுவின் சொந்தப் பெயரோடு இருக்கலாம். ரெட் ஹேட் குடும்பத்தில் ஆர்ஹெச்ஈஎல் என்ற சொல் இடையே வரும் பெயர்கள். புது ஹோஸ்ட் வேறு விநியோகமாக இருந்தால், 'இப்படி ஒரு மெஷின் டைப் எனக்குத் தெரியாது' என்று கியூஎமு கையை விரிக்கும். புது ஹோஸ்டில் இருக்கும் கியூஎமு பழையதைவிடப் பழைய பதிப்பாக இருந்தாலும் இதே பதில்தான். (புது இரும்பில் பழைய லினக்ஸைப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பென் டிரைவில் எந்த ஐஎஸ்ஓ இருக்கிறதோ அதுதானே பதிப்பு.) அங்கே கிடைக்கும் மெஷின் டைப்புகளின் பட்டியலைக் கியூஎமுவையே கேட்டு வாங்கி, அதே க்யூ35 அல்லது அதே ஐ440எஃப்எக்ஸ் இனத்தில் நெருக்கமானதை எழுதுங்கள். இனத்தை மாற்றாதீர்கள். கியூஎமு நிரல் இருக்கும் பாதையும் டெபியன் பக்கம் ஒன்று, ரெட் ஹேட் பக்கம் வேறு. அந்த வரியையும் திருத்த வேண்டும்.

சிடி டிரைவில் யாரோ என்றோ செருகிய ஐஎஸ்ஓ கோப்பின் பெயர் இன்னும் அங்கேயே இருக்கும். அந்தக் கோப்பு புது ஹோஸ்டில் இல்லை என்பதற்காகவே விஎம் தொடங்க மறுக்கலாம். அதை நீக்கிவிடுங்கள். யுஎஸ்பி டாங்கிள் எதையாவது விஎம்முக்குக் கொடுத்து வைத்திருந்தால், டாங்கிளையும் கையோடு மாற்றிச் செருகுங்கள். டாங்கிள் பழைய டவரின் பின்பக்கத்திலேயே இருக்க, மூன்று பேர் சேர்ந்து எக்ஸ்எம்எல்லை ஆராய்ந்துகொண்டிருந்த காட்சியை ஒரு அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன்.

புராசசர் வரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஹோஸ்ட் பாஸ்த்ரூ என்று இருந்தால், அணைத்து மாற்றும் உங்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. விஎம் அடுத்த பூட்டில் புதுப் புராசசரைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் கியூஎமு64 போன்ற அடிப்படை மாதிரிக்கு மாற்றிவிடாதீர்கள். மாங்கோடிபி 5.0 முதல் ஏவிஎக்ஸ் வசதி இல்லாத புராசசரில் எழுந்திருக்காது; ரெட் ஹேட் 9 குடும்பமும் அவ்வளவு பழைய புராசசரில் பூட் ஆகாது.

இனி டிஸ்க். நூலக விஎம்மின் டிஸ்க் 200 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். எல்எஸ் கட்டளை 200 ஜிபி என்று காட்டும். டியூ கட்டளையைக் கேட்டால் 38 ஜிபி என்று சொல்லும். இரண்டும் சரிதான். கோப்பில் மீதி எல்லாம் ஓட்டை, எழுதப்படாத இடம். எஸ்சிபிக்கு ஓட்டை தெரியாது. அங்கே சைபர் இருப்பதாக நினைத்து 200 ஜிபியையும் வரி தவறாமல் அனுப்பும். கிகாபிட் சுவிட்சில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி கிடைத்தால் அரை மணி நேரம். நடுவில் எங்கோ ஒரு பழைய 100 எம்பிபிஎஸ் சுவிட்ச் உட்கார்ந்திருந்தால் ஐந்து மணி நேரம். 38 ஜிபி மட்டும் போனால் முதல் வழியில் ஆறு நிமிடம், இரண்டாவதில் ஒரு மணி நேரம். ஆர்சிங்க்கில் ஸ்பார்ஸ் என்று கொடுத்தால் போய்ச்சேரும் இடத்தில் ஓட்டைகளைத் திரும்ப உண்டாக்கும். வழியில் சைபர்கள் போவது மிச்சமாகாது. கியூஎமு இமேஜ் கருவியின் கன்வெர்ட்டால் முதலில் சுருக்கமான புதுக் கோப்பு ஒன்றை உண்டாக்கி அதை அனுப்புவது எனக்குப் பிடித்த வழி. அந்த நேரத்துக்குப் பழைய ஹோஸ்டில் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் கன்வெர்ட் செய்யும் முன் ஸ்னாப்ஷாட் இருக்கிறதா என்று பாருங்கள். கோப்புக்கு உள்ளேயே எடுத்த ஸ்னாப்ஷாட்கள் கன்வெர்ட்டில் வராது. வெளியே எடுத்தவை என்றால் கதை வேறு. எப்போதோ 'அப்கிரேடுக்கு முன்' என்று ஒருவர் வெளி ஸ்னாப்ஷாட் எடுத்திருப்பார். அன்றிலிருந்து பழைய கோப்பு அப்படியே உறைந்துபோய், புதிய எழுத்துகள் எல்லாம் வேறொரு மேல்கோப்பில் சேர்ந்துகொண்டிருக்கும். இமேஜஸ் டைரக்டரியில் கோஹா என்று பெயரிட்ட பெரிய கோப்பைப் பார்த்து அதை நகலெடுத்தால், அப்கிரேடுக்கு முந்தைய நூலகம் உங்களுக்குக் கிடைக்கும். பூட் ஆகும், லாகின் வரும், புத்தகங்களும் இருக்கும். கடந்த எட்டு மாதம் மட்டும் இருக்காது. மேல்கோப்பை மட்டும் எடுத்தால் எதுவுமே ஓடாது. எந்தக் கோப்பு உண்மையில் பயனில் இருக்கிறது என்று விர்ஷில் டாம் பிஎல்கே லிஸ்ட் சொல்லும். அதற்கு அடியில் எத்தனை அடுக்கு என்று கியூஎமு இமேஜ் இன்ஃபோவிடம் பேக்கிங் செயின் கேட்டால் சொல்லும். இந்த இரண்டையும் கேட்காமல் எந்தக் கோப்பையும் தொடாதீர்கள். கன்வெர்ட்டில் இன்னொரு நன்மை, அடுக்குகளைச் சேர்த்து ஒரே கோப்பாகவே கொடுத்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் டிஸ்க்கை நகலெடுக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். சொல்ல வேண்டியிருக்கிறது. நகல் கோப்பின் தலைப்பகுதி பத்து மணி நிலவரம், வால்பகுதி பத்தரை மணி நிலவரம் என்றிருக்கும். கோஹாவின் டேட்டாபேஸான மரியாடிபிக்கு அதில் தலையும் புரியாது, வாலும் புரியாது. அணைத்த பிறகு நகலெடுங்கள். அனுப்பியதும் இரண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ256 தொகையைப் பார்த்து ஒப்பிடுங்கள். முனகும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் இது சம்பிரதாயம் அல்ல. அணைப்பதற்கு முன்னால் கோஹா டம்ப் கட்டளையையும் ஒருமுறை ஓட்டி, அது தரும் சின்னக் கோப்புகளைத் தனியாக எடுத்து வையுங்கள். முழு விஎம்மும் கவிழ்ந்தாலும் புது டெபியனில் கோஹாவை நிறுவி அவற்றைக்கொண்டு நூலகத்தை எழுப்பிவிடலாம்.

புதுக் கோப்பை வீட்டு டைரக்டரியில் வைக்காதீர்கள். கியூஎமு வேறொரு பயனர் பெயரில் ஓடுகிறது. உங்கள் ஹோமுக்குள் எட்டிப்பார்க்க அதற்கு அனுமதி இருக்காது. 'பர்மிஷன் டினைட்' வந்ததும் 777 கொடுப்பவர்களிடம் எனக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை. கோப்பை இமேஜஸ் டைரக்டரிக்கே நகர்த்துங்கள்.

நெட்வொர்க்கில் பார்க்க வேண்டியது எக்ஸ்எம்எல்லில் எழுதியிருக்கும் பிரிட்ஜின் பெயர். பிஆர்0 என்று இருந்தால் புது ஹோஸ்டிலும் பிஆர்0 இருக்க வேண்டும். டிஃபால்ட் என்று இருந்தால், அந்த விஎம் 192.168.122 என்ற உள்வலையில் ஒளிந்திருக்கிறது என்று பொருள். பழைய ஹோஸ்டில் யாரோ போர்ட் ஃபார்வர்டு எழுதித்தான் வெளியே தெரிந்திருக்கும். அந்த விதியைத் தேடி எடுங்கள், அது விஎம்மோடு வராது. மேக்விடேப் என்றால் ஹோஸ்டின் நெட்வொர்க் கார்டு பெயரே எக்ஸ்எம்எல்லில் இருக்கும். புது ஹோஸ்டில் அந்தக் கார்டுக்கு என்ன பெயரோ அதைப் போடுங்கள். வளாக சுவிட்சில் ஒரு போர்ட்டுக்கு இன்ன மேக்தான் என்று பூட்டியிருந்தால், நெட்வொர்க் பார்ப்பவரிடம் முதல்நாளே சொல்லி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் போன் எடுக்க மாட்டார்.

இப்போது லைவ் மைக்ரேஷன் பக்கம் வருகிறேன். அது பொய்யில்லை, நல்ல வித்தைதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜென் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், ஆட்கள் ஆடிக்கொண்டிருந்த குவேக் 3 விளையாட்டு சர்வர் ஒன்றை 60 மில்லிவினாடி நிறுத்தத்தில் இடம் மாற்றிக் காட்டினார்கள். விஎம் ஓடும்போதே அதன் நினைவகப் பக்கங்களை மறுபக்கம் அனுப்புவது, அனுப்பும்போதே மாறிவிட்டவற்றைத் திரும்ப அனுப்புவது, மிச்சம் கொஞ்சம் என்று ஆனதும் கண்ணிமைக்கும் நேரம் நிறுத்தி அதையும் அனுப்பி மறுபக்கம் எழுப்புவது என்பதுதான் அதன் வழி. கேவிஎம்மும் இதையே செய்கிறது. விர்ஷ் மைக்ரேட் என்று ஒரு வரி, டிஸ்க்கும் சேர்ந்து போக இன்னொரு சொல். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் அதற்கு வேண்டிய சூழல் உங்களிடம் இருக்கிறதா? இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் புராசசர் வேண்டும். உங்களுடையதோ ஒன்று பத்து வருடப் பழைய இன்டெல், மற்றது புத்தம் புதிய ஏஎம்டி. மெஷின் டைப்பை நடுவழியில் மாற்ற முடியாது. டேட்டாபேஸ் நினைவகத்தை மாற்றும் வேகம் கேபிளின் வேகத்தை மிஞ்சினால் மைக்ரேஷன் முடியவே முடியாது; விஎம்மின் வேகத்தை வேண்டுமென்றே குறைத்து முடிக்க ஒரு வழி உண்டு, அப்போது பயனர்கள் தவிப்பார்கள். போஸ்ட் காப்பி என்ற இன்னொரு வழியில், முதலில் விஎம்மை மறுபக்கம் எழுப்பிவிட்டு நினைவகத்தைப் பிறகு இழுப்பார்கள். நடுவில் கேபிளை யாராவது தட்டிவிட்டால் இரண்டு பக்கமும் அரைகுறை, விஎம் போய்விடும். இதையெல்லாம் தாண்டி, ஒரே லாட்டில் வாங்கி அசெம்பிள் செய்த மெஷின்கள் இரண்டென்றால் ஒரு வேடிக்கையும் நடக்கலாம். மலிவான மதர்போர்டுகள் சிலவற்றில் தயாரிப்பாளர் எல்லாவற்றுக்கும் ஒரே யூயுஐடியை எழுதிவிடுவார். லிப்விர்ட் இரண்டையும் பார்த்து, 'இருக்கும் இடத்துக்கே மாற்றச் சொல்கிறாயே' என்று மறுத்துவிடும். லிப்விர்ட்டின் அமைப்புக் கோப்பில் ஹோஸ்ட் யூயுஐடியை நாமே மாற்றி எழுதினால் சரியாகும்.

டேட்டா சென்டரில் இருப்பவருக்கு இந்த வித்தை தினப்படி வேலை. அவரிடம் ஒரே மாதிரி நூறு சர்வர், பொதுவான ஸ்டோரேஜ், தனி நெட்வொர்க் எல்லாம் இருக்கும். நூலகம் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கிறது. யாருக்காக அறுபது மில்லிவினாடி?

எனக்குத் தெரியும், உண்மையான தயக்கம் தொழில்நுட்பத்தில் இல்லை. 'சர்வரை நிறுத்தப் போகிறேன்' என்று முதல்வர் அறைக்குள் போய்ச் சொல்வதில்தான். நாக் குழு வருகிறது, அட்மிஷன் நடக்கிறது, மே மாதத்தில் ஸ்டாக் வெரிஃபிகேஷன் இருக்கிறது என்று எப்போது கேட்டாலும் ஒரு காரணம் இருக்கும். அதனால் கேட்காமலேயே ராத்திரியில் மாற்றுகிறீர்கள். ஏதாவது ஆனால் பழி முழுவதும் உங்கள் தலையில். எழுதிக் கொடுங்கள். 'ஞாயிறு காலை 9 முதல் 1 வரை நூலகப் பக்கம் திறக்காது. அதற்குப் பிறகும் திறக்காவிட்டால் பழைய சர்வரையே திரும்ப ஏற்றுவோம்' என்று இரண்டு வரி. நூலகர் மேடத்திடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள். ஒரு மணி நேர வேலைக்கு நான்கு மணி நேரம் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கி, 2024 தொடக்கத்தில் இலவச இஎஸ்எக்ஸ்ஐயை நிறுத்தியபோது (அடுத்த ஆண்டு திரும்பவும் கொடுத்தார்கள்) எத்தனையோ பெரிய நிறுவனங்களே கேவிஎம் பக்கம் இடம் மாறின. அவர்களும் நேரம் குறித்து, நோட்டீஸ் கொடுத்து, அணைத்துத்தான் பலவற்றை மாற்றினார்கள்.

புது ஹோஸ்டில் விஎம் எழுந்து, பிங் வந்து, கோஹா பக்கமும் திறந்துவிட்டது. நூலகர் மேசையிலிருந்தே ஒரு புத்தகத்தை இஷ்யூ செய்து ரிட்டர்ன் செய்து பாருங்கள். சர்வர் அறையிலிருந்து பார்த்தது கணக்கில் சேராது. அதற்குப் பிறகு மூன்று விஷயம் மிச்சமிருக்கிறது, மூன்றுமே எக்ஸ்எம்எல்லில் வராதவை.

ஆட்டோஸ்டார்ட் என்ற குறி எக்ஸ்எம்எல்லுக்குள் இல்லை. லிப்விர்ட் அதைத் தனி டைரக்டரியில் ஓர் இணைப்பாக வைத்திருக்கிறது. ஆகவே புது ஹோஸ்டில் உங்கள் விஎம் தானாக எழாது. பழைய ஹோஸ்டில் இன்னும் தானாக எழும். இப்போது ஒரு திங்கட்கிழமை மின்சாரம் போகிறது, யுபிஎஸ்ஸும் தீர்ந்து இரண்டும் அணைகின்றன. மின்சாரம் வருகிறது. பயாஸில் 'கரன்ட் வந்ததும் ஆன் ஆகு' என்று வைத்திருக்கும் பழைய டவர் எழுந்து, பழைய கோஹாவையும் எழுப்புகிறது. புது ஹோஸ்டும் எழுகிறது, ஆனால் கோஹா இல்லாமல். நூலகத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதே ஐபி, அதே பக்கம். மாணவர்கள் திருப்பிக் கொடுக்கும் புத்தகங்கள் போன மாதத்து டேட்டாபேஸில் பதிவாகிக்கொண்டிருக்கும். புதன்கிழமை நீங்கள் கண்டுபிடித்துப் புதியதை எழுப்பினால், திங்கள் முதல் புதன் வரை திருப்பிக் கொடுத்த புத்தகங்களுக்கு அபராதம் கேட்டு மெயில் போகும். இரண்டு டேட்டாபேஸையும் சேர்த்துத் தைக்க எந்தக் கருவியும் கிடையாது. பதிவேட்டை வைத்துக்கொண்டு கையால்தான். இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்தால் இன்னும் மோசம். ஒரே மேக்கும் ஒரே ஐபியும் இரண்டு போர்ட்டில் இருக்கும். சுவிட்ச் ஒருமுறை இங்கே அனுப்பும், மறுமுறை அங்கே. ஆகவே புதியதில் ஆட்டோஸ்டார்ட் போடுங்கள். பழையதில் அதை எடுத்துவிட்டு, டவரின் நெட்வொர்க் கேபிளையும் உருவிவிடுங்கள். இரண்டும் செய்யுங்கள்.

அடுத்தது பேக்கப். ராத்திரி இரண்டு மணிக்கு ஓடும் க்ரான் வேலை பழைய ஹோஸ்டில்தான் இருக்கிறது. கேபிள் உருவியதும் அது நின்றுவிடும், அல்லது நிற்காமல் பழைய டிஸ்க் கோப்பையே ராத்திரிக்கு ராத்திரி பத்திரமாக நகலெடுத்து 'வெற்றி' என்று பதிவு எழுதும். புது ஹோஸ்டில் பேக்கப்பை அமைத்து, முதல் நகலிலிருந்து ஏதாவது ஒன்றை மீட்டெடுத்துப் பாருங்கள். மூன்றாவது, யுபிஎஸ் தீரும் முன் ஹோஸ்டை ஒழுங்காக அணைக்கும் ஸ்கிரிப்ட். அந்த யுஎஸ்பி கேபிளும் பழைய டவரில்தான் செருகியிருக்கும்.

பழைய விஎம்மை உடனே அன்டிஃபைன் செய்யாதீர்கள். 'ரிமூவ் ஆல் ஸ்டோரேஜ்' சேர்த்து அன்டிஃபைன் கொடுப்பதை அன்றைக்கு நினைக்கவே வேண்டாம். ஒரு முழு மாதச் சுழற்சி, அபராத மெயில் போய், மாத அறிக்கை எடுத்து முடியும்வரை பழையது அப்படியே தூங்கட்டும். அதற்குப் பிறகு அந்த டவரைப் பழைய இரும்புக் கடைக்காரரோ எக்ஸ்சேஞ்சில் எடுப்பவரோ கொண்டுபோவார். அதற்குள் மாணவர்களின் பெயர், செல்பேசி எண், முகவரி எல்லாம் இருக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் சட்டமே வந்துவிட்டது. டிஸ்க் இன்னும் வேலை செய்தால் ஷ்ரெட் கட்டளையால் முழுவதும் எழுதி அழியுங்கள், பெரிய டிஸ்க் என்றால் ஒரு ராத்திரி ஓடும். வேலை செய்யாத டிஸ்க்கைக் கழற்றி உங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு மீதி டவரை மட்டும் கொடுங்கள். ஸ்டோர்ஸ்காரர் 'டிஸ்க் எங்கே' என்று கேட்டால், எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சர்வர் அறைகளுக்கு அவ்வப்போது வந்து போகும் ஒருவன்